ஒரு காலண்டர் படமும் இரண்டு ஏரிகளும்



மார்ச் கடைசியில் ஊர் திரும்பியதிலிருந்து, "டீச்சர், சுவிஸ் போய்ட்டு வந்ததை எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போட்டோ போட்டாயிற்று. நீங்களும் "சூப்பர் டீச்சர்" என்று எழுதிவிட்டீர்கள். என் நாத்தனார் மட்டும், "மூணு தடவ போனீங்களே அண்ணி, அப்படி என்னதான் இருக்கு அங்க?" என்று போனில் கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல உட்கார்ந்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மணி அடிக்க ஆளில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு உதவி கேட்கப் போகிறேன். அதற்காகவாவது பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மகள் இருப்பது ஷ்பீட்ஸ் என்ற சின்ன ஊர். தூன் ஏரியின் தென்கரையில், பெர்ன் நகரிலிருந்து ரயிலில் அரைமணி நேரம். விசிட்டர் விசாவில் போகிறவர்களுக்கு அங்கே ஒரு கணக்கு உண்டு. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்தான் இருக்கலாம். அதனால் ஒரு வருடத்தைச் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. நான் துண்டு துண்டாகப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். 2022 செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இலையுதிர் காலம். 2023 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கோடை. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 2025 மார்ச் வரை பனிக்காலம். ஏப்ரலும் மேயும் இன்னும் பாக்கி. அந்த இரண்டு மாதத்தில்தான் அங்கே பூ பூக்கும், அதுதான் அழகு என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்காரரும் வந்தார். அவருக்கு ஏரி, மலை எதிலும் பெரிய ஆசை இல்லை. விமானத்தில் ஏறியதிலிருந்து வீட்டில் விட்டுவந்த இரண்டு மாடுகளைப் பற்றியே பேச்சு. ஆனால் அந்தப் பயணத்தில் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். காரணம் செப்டம்பரில் நடக்கும் ஒரு பாலாடைக்கட்டிப் பங்கீடு.

தூன் ஏரிக்கு வடக்கே, சிக்ரிஸ்வில் என்ற ஊருக்கு மேலே, யூஸ்டிஸ்டால் என்று ஒரு மலைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. கோடை முழுவதும் பல குடும்பங்களின் மாடுகள் அங்கே ஒன்றாக மேயும். மேய்ப்பர்கள் எல்லாப் பாலையும் சேர்த்துப் பாலாடைக்கட்டி செய்வார்கள். நம் ஊர் வண்டிச் சக்கரத்தின் குட்டி மாதிரி வட்ட வட்டமாக இருக்கும். குளிர் வருவதற்கு முன் மாடுகள் கீழே இறங்கும் சமயத்தில், அந்தக் கட்டிகளை எல்லாம் வெளியே கொண்டுவந்து அடுக்குவார்கள். எந்த மாடு எவ்வளவு பால் கொடுத்தது என்று ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. அதற்குத் தகுந்த பங்கு. எந்த அடுக்கு யாருக்கு என்பதைச் சீட்டு எடுத்து முடிவு செய்வார்கள். பெரிய கட்டி எனக்கு, வெடித்த கட்டி உனக்கு என்ற பேச்சே கிடையாது. பங்கு முடிந்ததும் மாடுகளுக்குத் தலையில் பூ வைத்து, கழுத்தில் பெரிய மணி கட்டி ஓட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

நம்ம மாட்டுப் பொங்கல் செப்டம்பரில் வந்தது போல இருந்தது எனக்கு. எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருடமாகப் பால் சொசைட்டியில் ஊற்றுகிறவர். ஓரமாக நின்று அடுக்குகளை எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுல ஃபேட் பார்க்கிற மெஷின் எதுவும் இல்ல பார்த்தியா. சீட்டுதான். அதனால சண்டையும் இல்ல" என்றார். ஊருக்கு வந்து பால் சொசைட்டியில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு தடவையும் அவர் வரவில்லை. மாட்டை யாரிடம் மூன்று மாதம் விடுவது?

சரி, ஏரிக்கு வருகிறேன்.

அங்கே ஏரி ஒன்றில்லை, இரண்டு. மேற்கே தூன் ஏரி, கிழக்கே பிரியென்ஸ் ஏரி. பனிக்கட்டி ஆறு, அதாவது நான் உங்களுக்குப் பனியாறு என்று சொல்லிக்கொடுத்தேனே அது, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோண்டிவிட்டுப் போன ஒரே பள்ளம்தான். அதில் ஒரே ஏரியாக நின்ற தண்ணீரை, பக்கத்து மலைகளிலிருந்து வந்த லூட்ஷினே போன்ற ஆறுகள் வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி நடுவில் மேடாக்கி இரண்டாகப் பிரித்துவிட்டன. அந்த மேட்டில்தான் இன்டர்லாக்கன் ஊர் இருக்கிறது. பெயருக்கே 'ஏரிகளுக்கு நடுவில்' என்றுதான் அர்த்தம். ஆரே என்ற ஆறு பிரியென்ஸ் ஏரிக்குள் புகுந்து, வெளியே வந்து, இன்டர்லாக்கன் வழியாகத் தூன் ஏரிக்குள் போய், அங்கிருந்து பெர்ன் நகருக்குப் போகிறது. பிரியென்ஸ் கடல்மட்டத்திலிருந்து 564 மீட்டர், தூன் 558 மீட்டர். ஒரு ஏரியின் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்குப் போகிற நம் சங்கிலிக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதேதான்.

அளவு மட்டும் வேறு. பிரியென்ஸ் ஏரி சுமார் 30 சதுர கிலோமீட்டர். கோடைக்கானல் ஏரியைப் போல நூற்றிருபதை அதில் போடலாம். ஆழம் 260 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை நான்கு முறை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் உச்சி தெரிந்தாலும் தெரியும்.

2022 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எங்களைப் பிரியென்ஸ் ஏரியில் கப்பலில் கூட்டிப்போனார். நான் மேல் தளத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கப்பல் இன்டர்லாக்கனை விட்டு ஆற்றிலிருந்து ஏரிக்குள் திரும்பியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர் பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மயில்கழுத்து நிறத்தில் பால் ஊற்றிக் கலக்கியது போல. "என்ன அத்தை, தலை சுத்துதா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "இல்லைங்க மாப்பிள்ளை" என்றேன். எனக்குச் சுற்றியது வேறு.

1996ஆம் வருடம் ஏழாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் வகுப்பறையில் கரும்பலகைக்கு வலப்பக்கம் ஒரு மளிகைக்கடைக் காலண்டர் தொங்கியது. வருடம் முடிந்தும் படத்துக்காகக் கழற்றாமல் விட்டிருந்தோம். பனிமலை, அடியில் ஏரி, கரையில் மரவீடு. அந்தக் காலத்தில் எந்த டீக்கடைக்குப் போனாலும், எந்த ஸ்டுடியோவில் கல்யாண போட்டோ எடுத்தாலும் பின்னால் இருக்குமே, அதே படம். ஏரி மட்டும் ஒரு மாதிரி பச்சையாக இருக்கும்.

அன்றைக்கு அறிவியல் பாடம். தண்ணீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். காலண்டருக்குக் கீழே உட்காரும் பையன் எழுந்தான். "டீச்சர், தண்ணிக்கு நிறமில்லைன்னா அந்தத் தண்ணி ஏன் பச்சையா இருக்கு?" என்றான்.

"அது அச்சடிக்கிறவன் போட்ட கலர். உட்காரு" என்றேன்.

அவன் உட்காரவில்லை. "இல்ல டீச்சர், நம்ம குளத்துல மழை பெஞ்சு புதுத்தண்ணி வந்தா செம்மண்ணு கலந்து செவப்பாயிரும்ல. அங்கயும் மலையில இருந்து ஏதாச்சும் மண்ணு வருமோ? அந்த ஊரு மண்ணு வேற கலரோ?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. "பச்சை மண்ணா? பெரிய விஞ்ஞானி! அதிகப்பிரசங்கி! பெஞ்சு மேல ஏறு" என்று பாடம் முடியும்வரை நிற்கவைத்தேன். அதற்குப் பிறகு அவனுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பெயர்தான். நானும் இரண்டு தடவை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

கப்பலில் உட்கார்ந்தபோது, அச்சடித்தவன் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. ஏன் அந்த நிறம் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. வாத்தியார் புத்தி, கேட்டால் தெரியாதது தெரிந்துவிடுமே.

அந்த நவம்பரில் ஒரு நாள் எனக்குக் காலையிலிருந்து தலைவலி. ஜன்னல் வழியே பார்த்தால் எதிர்க்கரை மலைகள் பக்கத்து வீட்டுச் சுவர் போல அவ்வளவு கிட்டத்தில் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் தெரிகிறது. வெளியே குளிர்காலத்தில் திடீரென்று பங்குனி மாதம் போல வெக்கை. "அத்தை, இன்னைக்கு ஃபோன் அடிக்குது" என்றார் மாப்பிள்ளை. நான் என் போனைத் தேடினேன். ஃபோன் என்பது ஒரு காற்று. தெற்கே ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து, பேயாட்டம் ஆடும். தலைமுடி காய வைக்கிற மெஷினுக்கும் ஜெர்மன் மொழியில் அதே பெயர்தானாம். இந்தக் காற்றில் தீப்பிடித்தால் அவ்வளவுதான். பிரியென்ஸ் ஏரிக்குக் கிழக்கே இருக்கும் மைரிங்கன் ஊர் 1879இல் ஒரு தடவை, 1891இல் இன்னொரு தடவை என்று இப்படித்தான் எரிந்தது. திருநெல்வேலி மழைநிழல் பிரதேசம் என்று நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய அம்புக்குறி எல்லாம் அன்றைக்கு என் நெற்றிப்பொட்டில் வந்து குத்தியது.

இரண்டாவது பயணம் 2023 ஜூன். கோடையில் அந்த ஊரையே அடையாளம் தெரியாது. இரவு ஒன்பதரைக்குத்தான் இருட்டுகிறது. ஜனங்கள் வேலை முடிந்து வந்து ஏரியில் குதிக்கிறார்கள், வயதானவர்களும். நான் கணுக்கால் வரை இறங்கி, விறைத்துப்போய் வெளியே வந்துவிட்டேன். ஆகஸ்ட் முதல் தேதி அவர்களுடைய தேசிய தினம். மலைமேல் அங்கங்கே சொக்கப்பனை மாதிரி தீ மூட்டுகிறார்கள். திருவண்ணாமலைக்காரர்கள் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஷ்பீட்ஸுக்குப் பின்னாலேயே நீசன் என்று ஒரு மலை, கோபுரம் போலக் கூம்பாக இருக்கும். 2362 மீட்டர். 1910 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டி 11,674 படிகள் இருக்கின்றன. பழனி 693 படிக்கே நாம் எத்தனை இடத்தில் உட்காருவோம்! நல்லவேளை, படியில் பொதுஜனங்களை ஏறவிடுவதில்லை, வருடத்தில் ஒரு நாள் ஓட்டப்பந்தயத்துக்கு மட்டும்தான். ரயிலில் போய் மேலே நின்று பார்த்தேன். இரண்டு ஏரிகளும் ஒரே பார்வையில் தெரிந்தன. அப்போதுதான் கவனித்தேன், தூன் கருநீலம், பிரியென்ஸ் பால்பச்சை. ஒரே ஆறு, ஒரே வெயில், பக்கத்துப் பக்கத்து ஏரி. நிறம் வேறு.

பேரன் பக்கத்தில் நின்றான். அப்போது எட்டு வயது. மெதுவாகக் கேட்டேன், "ஏண்டா ராசா, அந்த ஏரியில் ஏதாவது கலக்குறாங்களா?"

"இல்ல அம்மாச்சி. அது கிளெட்ஷர்மில்ஹ்" என்றான். பனியாற்றுப் பால் என்று அர்த்தம். அவன் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மேலே பனியாறு மலையை அம்மி போல அரைத்துக்கொண்டே நகர்கிறது. பாறை மாவாகிறது. அரிசி மாவைவிட நைஸ். கோடையில் பனி உருகும்போது அந்த மாவும் தண்ணீரோடு ஆரே ஆற்றிலும் லூட்ஷினே ஆற்றிலும் கீழே வந்து பிரியென்ஸ் ஏரியில் விழுகிறது. அவ்வளவு நுண்ணியது என்பதால் சட்டென்று அடியில் படியாது, மிதந்துகொண்டே இருக்கும். வெயில் பட்டால் அந்தத் துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து இந்த நிறத்தைக் காட்டும். பிரியென்ஸ் ஏரியிலேயே பெரும்பகுதி மாவு தங்கிவிடுவதால் தூன் ஏரிக்குத் தெளிந்த தண்ணீர் போகிறது. அவன் பள்ளியில் இரண்டு ஏரித் தண்ணீரையும் இரண்டு பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்துப் பார்த்தார்களாம். "ஒரு பையன் கேட்டான், அதனால டீச்சர் கூட்டிட்டுப் போனாங்க" என்றான்.

மண்தான். மலையிலிருந்து வருகிற மண். அந்த ஊர் மண் வேறு.

கீழே இறங்குகிற ரயிலில் நான் எதுவும் பேசவில்லை. பையன் சொன்னது சரி. எந்தப் புத்தகமும் பார்க்காமல், ஆல்ப்ஸ் எந்தத் திசை என்று தெரியாமல், நம் ஊர்க் குளத்தில் புதுத்தண்ணி வருவதைப் பார்த்தே பன்னிரண்டு வயதில் அவன் அதைச் சொல்லிவிட்டான். டீச்சர் டிரெயினிங் முடித்து, பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியிருந்த நான் அவனைப் பெஞ்சுமேல் ஏற்றினேன்.

அந்தக் கோடையில் மகள் இசெல்ட்வால்ட் என்ற கரையோரக் கிராமத்துக்கும் கூட்டிப்போனாள். ஒரு கொரியத் தொடரில் அந்தப் படகுத்துறை வந்ததால், படம் எடுக்க உலகத்துக் கூட்டமெல்லாம் அங்கே வருகிறது. கிராமத்துக்காரர்கள் துறைக்குக் கதவு போட்டு, உள்ளே போக 5 பிராங்க் வாங்குகிறார்கள். "ஒரு போட்டோவுக்கா?" என்று நான் கரையிலேயே நின்றுவிட்டேன். கால்மணி நேரம் கழித்து நானே காசைப் போட்டு உள்ளே போனேன். தண்ணீரைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

தூன் ஊரில் இன்னொரு பாடம் கிடைத்தது. காண்டர் என்று ஒரு முரட்டு ஆறு. முன்பு அது தூன் ஏரிக்குள் வராமல், ஊருக்குக் கீழே போய் ஆரே ஆற்றில் சேர்ந்து, அங்கே வயல்களை அழித்துக்கொண்டிருந்தது. 1711இலிருந்து 1714க்குள் குறுக்கே வெட்டி அதை ஏரிக்குள் திருப்பினார்கள். வயல் தப்பித்தது, தூன் ஊர் மாட்டிக்கொண்டது. ஏரிக்கு வரத்து ஏறிவிட்டது, வெளியேறும் வாய் பழைய வாயேதான். ஊருக்குள் வெள்ளம். பிறகு ஷட்டர் வைத்து, அதுவும் போதாமல் 2009இல் வெள்ளத்தை வெளியேற்ற ஊருக்கு அடியில் சுரங்கமே அமைத்தார்கள். மரக்கூரை போட்ட அந்தப் பழைய ஷட்டர் பாலத்தில் நின்று பார்த்தேன். வரத்துக் கால்வாயை அகலமாக வெட்டிவிட்டுக் கலிங்கை மறந்துபோன நம் ஊர்ப் பெரியவர்கள் நினைவுக்கு வந்தார்கள். யார் என்று சொல்லமாட்டேன், சொந்தக்காரர்களும் படிக்கிறீர்கள்.

மூன்றாவது தடவை போனது டிசம்பர் கடைசி. ஜனவரி 2ஆம் தேதி இன்டர்லாக்கனில் மர முகமூடி போட்டுக்கொண்டு, மணி ஆட்டிக்கொண்டு ஆட்கள் தெருவில் ஓடி வந்து பயமுறுத்துகிறார்கள். கெட்டதை விரட்டுவதற்காம். பேரன் சிரித்தான். நான்தான் மகள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரே மூடுபனி. நாள் கணக்காகச் சூரியன் இல்லை. மாலையில் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. காலையில் எழுந்து கோலம் போட வாசல் இல்லை, பேச ஆள் இல்லை. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. எனக்கு அங்கே பிடிக்காத மாதம் ஜனவரிதான், அதை மறைக்கவேண்டியதில்லை. "இங்கேயே வந்துடுங்கம்மா" என்று மகள் ஒவ்வொரு தடவையும் கேட்பாள். ஜனவரி வந்தால் அவளே கேட்பதில்லை.

காய்கறிக்காகப் பெர்ன் போவோம். அங்கே பல மதத்தாருக்கும் ஒரே கட்டடத்தில் இடம் கொடுத்து, 2014 டிசம்பரில் திறந்த ஓர் இல்லம் இருக்கிறது. அதற்குள் ஈழத்தமிழர்கள் கட்டிய சிவன் கோயில், பூஜை தமிழில். அந்த நகரத்திலேயே ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கப் போய், கடைக்காரரோடு பேச்சு வளர்ந்தது. என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். நான் ஆசிரியை என்றதும் ரீச்சர் ஆகிவிட்டேன்.

"நான் எண்பத்தாறில வந்தனான் ரீச்சர். இன்ரலாக்கனில ஒரு ஹொட்டேல் குசினியில பதினொரு வருசம் கோப்பை கழுவினன்" என்றார்.

"அப்ப ஏரியை தினமும் பார்த்திருப்பீங்க" என்றேன்.

"குசினி ஜன்னலால தெரிஞ்ச அளவு பாத்தனான்."

"லீவு நாள்ல?"

"லீவு நாளில நித்திரை. கப்பலில ஒருக்கா ஏறவேணும் எண்டு ஆசைதான். அந்த ரிக்கெற் காசை வீட்டை அனுப்பினா தங்கச்சிக்கு உதவும் எண்டு விட்டிட்டன்." முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார். "முப்பத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு பேரப்பிள்ளையளோட போனனான். நல்லாத்தான் இருந்தது."

நான் மூன்று பயணத்தில் அந்தக் கப்பலில் ஆறு தடவை ஏறியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரியில் வெயில் வந்த ஒரு நாள், நானே தனியாக ரயிலேறி பிரியென்ஸ் போனேன். மகள் வழி எழுதிக் கொடுத்தாள். ஊருக்குள் இன்னும் வேலை நடந்துகொண்டிருந்தது. 2024 ஆகஸ்ட் 12ஆம் தேதி மழையில் மலை ஓடை ஒன்று உடைத்துக்கொண்டு சேறும் பாறையுமாக ஊருக்குள் இறங்கி, ரயில் பாதை வரை மூடிவிட்டதாம். காலண்டரில் அழகாகத் தெரிகிற மலைதான்.

கரையில் போய் நின்றேன். அந்தப் பால்பச்சை இல்லை! கரும்பச்சையும் நீலமுமாக, ஆழ்ந்த தண்ணீர். மேலே எல்லாம் உறைந்து கிடக்கிறது. பனி உருகவில்லை, மாவு வரவில்லை. கிரிம்செல் பக்கம் மேலே இருக்கும் மின்சார அணைகள் கோடையில் கொஞ்சம் மாவைப் பிடித்துவைத்துக் குளிர்காலத்தில் விடுவதால் இப்போதும் முழுத்தெளிவு கிடையாது என்று மாப்பிள்ளை சொன்னார். இருந்தாலும் கண்ணுக்கு அது வேறு ஏரி. தண்ணீர் மட்டமும் இறங்கியிருந்தது. நம் குளம் கார்த்திகையில் நிரம்பிச் சித்திரையில் வற்றும். அங்கே மாசியில் வற்றி, ஆனி ஆடியில் நிரம்புகிறது. மழை மலைமேல் பனியாக உட்கார்ந்துகொண்டு, வெயில் வந்தால்தான் இறங்கி வருகிறது.

அவ்வளவு குளிரிலும் ஏரி உறையவில்லை. ஏன்? நான்கு டிகிரியில் தண்ணீர் கனமாகிக் கீழே போகும் என்று படித்தீர்களே. 260 மீட்டர் ஆழம் முழுக்க அந்த அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் மேல்தண்ணீர் உறையத் தொடங்க முடியும். அதற்குள் குளிர்காலமே முடிந்துவிடும். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு அன்றைக்கும் பதில் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2022, 2023 என்ற இரண்டே வருடத்தில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிட்டன. அந்த இரண்டு வருடமும் நான் அங்கே இருந்தேன். நான் பார்த்து மயங்கிய அந்த நிறத்தில் கொஞ்சம் அதுவும்தான். அரைக்கிற அம்மியே கரைந்துபோனால் மாவு எங்கிருந்து வரும்? என் பேரன் என் வயதுக்கு வரும்போது ஏரி என்ன நிறத்தில் இருக்குமோ.

இனி அந்த உதவி.

அந்தப் பையன் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். ஹைஸ்கூல் ஏழு கிலோமீட்டர், வீட்டில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, காரணம் பல இருக்கலாம். என் ஒரு நாள் சிரிப்பால் நின்றான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு டி.சி. வாங்க வந்தபோது "மேல படி ராசா" என்று ஒரு வார்த்தை நான் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

அவன் பெயரை இங்கே நான் எழுதவில்லை. 1996இல் ஏழாவது படித்தவர்களுக்குத் தெரியும். நீங்களும் பின்னூட்டத்தில் பெயரைப் போடாதீர்கள். முக்கியமாக அந்தப் பட்டப்பெயரைப் போடவே கூடாது. அவனோடு தொடர்பில் இருப்பவர்கள் அவனிடம் கேட்டுவிட்டு, அவனுக்குச் சம்மதம் என்றால் மட்டும் நம்பரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், நான் வருத்தப்படமாட்டேன்.

பிரியென்ஸ் ஏரியை ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று 2023 ஜூலை, மற்றது 2025 பிப்ரவரி. அதை மட்டும் இங்கே போடவில்லை. அவன்தான் முதலில் பார்க்கவேண்டும்.